கண்மாய் தாண்டிய குலவை

பறவை பேசினால் மனிதருக்கும் மனிதர் பேசினால் பறவைக்கும் புரிந்த அந்தக் காலத்தில், தெற்குச் சீமையில் ஒரு கண்மாயின் இரண்டு பக்கமும் இரண்டு ஊர்கள் இருந்தன. கிழக்கே இருந்தது இலந்தைக்கரை. மேற்கே மருதக்கரை. இரண்டு ஊருக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு. ஆனால் நடுவில் கடல் மாதிரித் தண்ணீர் கிடந்தது. கரையைச் சுற்றி நடந்து போகிறவர் காலையில் கிளம்பினால் உச்சி வெயிலுக்குத்தான் அடுத்த ஊரைத் தொடுவார்.

அந்த நாளில் மனிதர்களுக்குப் பெரிய சத்தம் என்று ஒன்றுதான் தெரியும். அது அழுகை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெண்கள் வாயைத் திறந்து ஓலமிடுவார்கள். அந்த ஓலம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டே போய் எதிர்க்கரையில் ஏறும். கேட்டவர்கள் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணியோடு புறப்பட்டுவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு அப்படி ஒரு சத்தம் கிடையாது. பிள்ளை பிறந்தாலும் பெண் நிச்சயமானாலும் யாராவது ஒருவர் நடந்து போய்த்தான் சொல்ல வேண்டும். போகிறவர் வழியில் நிழலைக் கண்டால் உட்காருவார், பதநீரைக் கண்டால் குடிப்பார். பிறந்த பிள்ளை குப்புறக் கவிழும் நேரத்துக்குச் சேதி போய்ச் சேரும் என்று கேலி பேசிக்கொள்வார்கள்.

இலந்தைக்கரையில் ஒச்சம்மா என்று ஒருத்தி இருந்தாள். வாட்டசாட்டமான பொம்பளை. அவள் தன் மாட்டைக் கூப்பிட்டால் பக்கத்துக் காட்டில் மேய்கிற மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும், அப்படிக் குரல். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. துக்க வீட்டில்கூட எதையாவது நினைத்துக்கொண்டு முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வீடும் தம்பி சடையன் வீடும் ஒட்டியே இருந்தன. சடையனுக்கு மருதக்கரையில் பெண் எடுத்திருந்தார்கள். பெயர் ராக்கு. தாய் தகப்பன் இல்லாத பெண். அண்ணன் சோணைதான் அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன். கட்டிக்கொடுத்த பிறகும் அவனுக்குத் தங்கச்சி ஞாபகம்தான். உழுதுகொண்டிருக்கும்போதே கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பானாம், மாடு நின்றதுகூடத் தெரியாமல்.

ஓர் ஆவணி மாதம், விடிந்து கொஞ்ச நேரத்தில், ராக்குவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிள்ளையைக் கையில் வாங்கியது ஒச்சம்மாதான். அதன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே மேலே வந்தது. சிரித்துப் பார்த்தாள், போதவில்லை. பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினாள். கண்மாயைப் பார்த்து நின்று, வாயைத் திறந்து, அந்தக் குரல் மொத்தத்தையும் வெளியே விட்டாள். அவளுக்குத் தெரிந்த பெரிய சத்தம் ஒன்றுதானே. அதுதான் வந்தது.

உச்சிப்பொழுதில் மருதக்கரையே திரண்டு வந்துவிட்டது. பெண்கள் தலைமயிரை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஆண்கள் தலையில் துண்டைப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் கோடிச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சோணை ஓடி வந்தான். வாசலிலேயே விழுந்து, "தாயி, என்னய விட்டுட்டுப் போயிட்டியே" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதான்.

உள்ளே ராக்கு சோறு தின்றுகொண்டிருந்தாள். வாய்ச் சோற்றோடு எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணே போனேன்? இங்கனதான இருக்கேன்."

வந்த கூட்டத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள். சோணை மருமகளை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. கொண்டுவந்த கோடியைப் பெண்கள் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாகப் போட்டார்கள். ஒச்சம்மா உலை வைத்து அத்தனை பேருக்கும் சோறு போட்டாள். மாலையில் சந்தோஷமாகத்தான் திரும்பிப் போனார்கள்.

வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மருதக்கரையில் அன்றைக்குக் காலையில் நாற்றங்காலில் பாவ வேண்டும் என்று முளைகட்டிய விதைநெல்லை வீட்டுக்கு வீடு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஓலம் கேட்டதும் போட்டது போட்டபடி கிளம்பியதில் நெல் நாள் முழுக்க மூட்டைக்குள்ளேயே கிடந்து புழுங்கிவிட்டது. சோணை உள்ளே கையை விட்டான். அடுப்புச் சாம்பல் மாதிரிச் சுட்டது. முளையெல்லாம் கருகிப்போயிருந்தது. மறுபடி விதை தேடி, ஊறவைத்து, முளைகட்டி விதைப்பதற்குள் பருவம் பிந்திவிட்டது. அந்த வருஷம் மருதக்கரையில் பாதி வீடுகளில் கம்பங்கூழ்தான்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கடியில் இரண்டு ஊரும் கூடிப் பேசினார்கள். சோணை கோபக்காரன் இல்லை. ஆனால் ஊர் வயிற்றில் அடி விழுந்திருக்கிறது. எழுந்து நின்று, இனிமேல் சாவைத் தவிர வேறு எதற்கும் இந்தக் கண்மாயைச் சுற்றி யாரும் வாய்விட்டுச் சத்தம் போடக் கூடாது என்றான். இரண்டு ஊரும் தலையை ஆட்டின. ஒச்சம்மாவை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒச்சம்மா குரலை யாரும் கேட்கவில்லை. மாட்டைக்கூடக் கிட்டப் போய்த் தட்டித்தான் ஓட்டிவந்தாள். ஊரும் மாறிப்போனது. தாலி கட்டும்போது ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தால் காதோடு காதாகச் சொன்னார்கள். நல்லது நடந்த வீட்டுக்காரர்கள் எதையோ களவாண்டு வந்து ஒளித்து வைத்தவர்கள் மாதிரி நடமாடினார்கள்.

அடுத்த தை மாதத்தில் ஒரு காலை. ஒச்சம்மா மடைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கோரைக்குள் ஒரு முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது. தண்ணீருக்குள் முங்கிப் போய் வேறு இடத்தில் எழும்புமே, உருண்டையாக, வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சின்னப் பறவை, அதுதான். பாசியையும் கோரையையும் சேர்த்து மிதக்கிற கூடாகக் கட்டி முட்டை வைத்திருந்தது. திடீரென்று அந்தப் பறவை கழுத்தை நீட்டிக்கொண்டு கிலுகிலுவென்று ஒரு சத்தம் போட்டது. நீளமான சத்தம். குலுங்கிக் குலுங்கி ஓடிற்று. தூரத்திலிருந்து அதன் ஆண் பறவையும் அதேபோலப் பதில் கொடுத்தது.

ஒச்சம்மா பதறிவிட்டாள். "ஏன்டி, சத்தத்தக் கொற. அக்கரையில கேட்டா கோடித் துணியோட கிளம்பிருவாக" என்றாள்.

"எதுக்குக் கோடி? எம்பிள்ளை இப்பத்தான் ஓட்டை ஒடச்சு வந்திருக்கு."

"எனக்குத் தெரியிது. அவுகளுக்குத் தெரியணுமே."

"யாருக்குத் தெரியாது? நான் இப்படிக் கூப்பிட்டா குஞ்சு பொரிச்சிருச்சுன்னு நாரைக்குத் தெரியும், ஆமைக்குத் தெரியும். ரெண்டு கரையிலயும் வலை போடுறவுகளுக்கும் தெரியும். பருந்து வந்தா நான் போடுற சத்தமே வேற."

ஒச்சம்மா துவைத்த துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பறவைக்குப் பக்கத்தில் போனாள். முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த கோடு போட்ட குஞ்சைப் பார்த்தாள். தன் கதையை எல்லாம் அதனிடம் சொன்னாள். பிள்ளை பிறந்தது, தான் கத்தியது, விதைநெல் புழுங்கியது, ஊர் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது. பறவை பொறுமையாகக் கேட்டது.

"நீ அன்னைக்குக் கத்துனப்ப ஒன் நாக்கு எங்க இருந்துச்சு?" என்று கேட்டது.

ஒச்சம்மாவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "வாய்க்குள்ளதான்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

"ஒண்ணும் செய்யல. சும்மா கெடந்துச்சு."

"அதான். அழுறப்ப நாக்குக்கு வேலை இல்ல, தொண்டை மட்டும் போதும். நீ சந்தோசத்தையும் அந்த வழியாவே வெளிய விட்டிருக்க. கேக்குறவுகளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? நாக்கை ஆட விடு."

ஒச்சம்மா நாக்கை ஆட்டிப் பார்த்தாள். எச்சில்தான் தெறித்தது. இரண்டாவது முறை விக்கல் வந்தது. குஞ்சு பயந்து தாயின் இறக்கைக்குள் ஒளிந்துகொண்டது. பறவை அலுத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்பக் காட்டியது. நாக்கு இடமும் வலமும் ஓடும்போது மூச்சை விடாமல் தள்ள வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது. ஒருத்தி மட்டும் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. எதிரில் இருந்து பதில் வருகிறவரை போட வேண்டும். பதில் வந்தால்தான் கேட்டவருக்கும் அந்தச் சந்தோஷம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்த ஒச்சம்மா, ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்து, குடத்துக்குள் வாயை வைத்துக்கொண்டு பழகினாள். அவள் புருஷன் ஒருநாள் பார்த்துவிட்டான். பெண்டாட்டி குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்குகிறாள். கேட்டதற்கு, குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஆனி ஆடிக்குள் அவள் நாக்கு மீன்குஞ்சு மாதிரித் துள்ளப் பழகிவிட்டது. ஆனாலும் குடத்துக்கு வெளியே ஒரு தடவைகூட அந்தச் சத்தத்தை அவள் விடவில்லை.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியில் அப்படி ஒரு மழை. கண்மாய் நிறைந்து, கலுங்கில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வழிந்து ஓடியது. வரத்துக் கால்வாய்ப் பக்கமும் வெள்ளம். இரண்டு ஊருக்கும் நடுவே போக்குவரத்தே இல்லாமல் போனது. வழி அடைபட்ட அன்றைக்குத்தான் ராக்குவுக்கு இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தது. கலுங்கு வெள்ளம் ஆளை இழுக்கிற அளவுக்கு ஏறுமுன் கடைசியாக மருதக்கரைக்குத் தாண்டிப் போனவன், மாதம் நிறைவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டது, பாவம் கஷ்டப்படுகிறாள் என்று சோணையிடம் சொல்லிவிட்டிருந்தான்.

பிள்ளை லேசில் வரவில்லை. ராக்கு துவண்டுபோனாள். ஒச்சம்மா அவள் முதுகைத் தாங்கியபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டபோது பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பிறந்து ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் அழுதது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்த வேளையில், வெளியே நின்ற சடையன் உள்ளே ஓடிவந்தான். எதிர்க்கரையில் கூட்டம் கூடியிருக்கிறதாம். ஒருவன் இடுப்பில் சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறானாம். தலையில் சிவப்புத் துண்டு.

சிவப்புத் துண்டு கட்டுகிறவன் சோணை. நீந்தி வரப் பார்க்கிறான். நடுத் தண்ணீரில் இழுப்பு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கினவனைக் கலுங்கு உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

"மதினி, எங்கண்ணன் எறங்கிரும். யார் சொன்னாலும் கேக்காது" என்றாள் ராக்கு. அவளுக்குப் பேசக்கூட மூச்சு இல்லை.

சடையன் ஒரு வேட்டியை எடுத்து வீசிக் காட்டலாம் என்றான். வெள்ளைத் துணியை வீசினால் தங்கச்சி செத்துவிட்டாள் என்றல்லவா நினைப்பான் என்று பெண்கள் தடுத்தார்கள். தீ மூட்டலாம் என்றால் அதையும் சிதை என்பார்கள். எல்லோருமாகச் சேர்ந்து கத்தலாம் என்றான் இன்னொருவன். கத்தினால் கேட்கவே வேண்டாம், அவன் அந்த நிமிஷமே குதித்துவிடுவான். நல்ல சேதியைத் தூரத்துக்குச் சொல்ல அந்த இரண்டு ஊரிடமும் ஒன்றும் இல்லை.

ஒச்சம்மா ராக்குவைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்த்துவிட்டு எழுந்தாள். கரைமேல் ஏறினாள். கால் சேற்றில் வழுக்கியது. அந்தப் பக்கம் எறும்பு மாதிரி ஆட்கள் தெரிந்தார்கள். சிவப்புத் துண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. முன்பு ஒருநாள் இதே கண்மாயைப் பார்த்து வாயைத் திறந்ததும், அதனால் ஊர் கூழ் குடித்ததும் அவள் கண் முன்னால் வந்தன. இந்தத் தடவையும் தப்பாகப் போனால் விதைநெல்லோடு போகாது. ஓர் உயிர்.

சிவப்புத் துண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கியது.

ஒச்சம்மா குனிந்து கண்மாய்த் தண்ணீரை அள்ளி வாயை நனைத்துக்கொண்டாள். கட்டுப்பாட்டை நினைத்துக் கை தானாக வாயை மறைக்கப் போனது. மறைத்தபடியே, நாக்கை ஆடவிட்டு, அந்தக் குரல் மொத்தத்தையும் தள்ளினாள்.

கிலுகிலுவென்று அது கிளம்பியது. பறவையின் சத்தம்தான், ஆனால் எந்தப் பறவைக்கும் அவ்வளவு பெரிய நெஞ்சு கிடையாது. தண்ணீர் முழுக்க அது குலுங்கிக்கொண்டே ஓடிற்று. கோரைக்குள் இருந்த முக்குளிப்பான்கள் அத்தனையும் தலையைத் தூக்கின.

எதிர்க்கரையில் அசைவு நின்றது. சிவப்புத் துண்டும் நின்றது. ஆனால் பின்னால் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றது. அவனுக்குப் புரிந்ததா, காது கொடுத்துக் கேட்கத்தான் நிற்கிறானா என்று தெரியவில்லை. பதில் இல்லை. ஒச்சம்மா மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை பின்னால் நின்ற பெண்களும் அவள் வாயைப் பார்த்து நாக்கை ஆட்டினார்கள். ஒருத்திக்கு வந்தது, ஒருத்திக்கு வரவில்லை. வந்ததும் வராததும் சேர்ந்து பெரிய சத்தமாகப் போனது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல், நடுவில் நடுவில் உடைந்தது. சோணையின் பெண்டாட்டி பேச்சி. அவள் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். குஞ்சு பொரித்த முக்குளிப்பானின் சத்தம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பிள்ளை பிறந்துவிட்டது, நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, தெரிந்த மட்டும் அவளும் நாக்கை ஆட்டியிருக்கிறாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு அந்தக் கரையே கிலுகிலுத்தது.

சோணை தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். நான்கு பேர் போய் அவனைத் தூக்கிக் கரையேற்றினார்கள். அங்கே அவன் சிவப்புத் துண்டை அவிழ்த்துச் சுழற்றிச் சுழற்றி வீசியது இங்கே தெரிந்தது. ஒச்சம்மா சேற்றில் கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு ஊருக்கு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. உள்ளே ராக்கு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிறவரை இந்தக் கரை கேட்பதும் அந்தக் கரை சொல்வதுமாக இருந்தது. ஆண்களும் முயன்று பார்த்தார்கள். சடையன் நாக்கை நீட்டினான், மீசை மயிர் வாய்க்குள் போய் இருமல் வந்தது. இன்னொருவன் கொசுவை விழுங்கினான். சரி, இது உங்களுக்கே இருக்கட்டும் என்று பெண்களிடம் விட்டுவிட்டார்கள்.

வெள்ளம் வடிந்ததும் சோணை தலையில் சீர்த் தட்டோடு சுற்றி நடந்து வந்தான். கூடவே ஊரும் வந்தது. வாசலில் நின்ற ஒச்சம்மாவுக்கு மச்சான் என்ன சொல்வாரோ என்று கொஞ்சம் பயம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவள் அல்லவா.

"மச்சான், கட்டுப்பாடு..." என்று இழுத்தாள்.

சோணை தட்டை இறக்கி வைத்தான். பிள்ளையைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

"அது கெடக்கு. இன்னொரு தடவ போடு ஒச்சம்மா. பக்கத்துல நின்னு கேக்கணும்."

அவள் போட்டாள். தொட்டிலில் கிடந்த பிள்ளை கண்ணை விரித்துப் பார்த்தது. வந்திருந்த மருதக்கரைப் பெண்கள் கையால் வாயை மறைத்துக்கொண்டு பதிலுக்குப் போட்டார்கள். அதைக் கேட்ட அடுத்த தெரு போட்டது. அந்த ஆண்டு நாற்று நடும்போது போட்டார்கள். தையில் பானை பொங்கி வழிந்தபோது போட்டார்கள். அதற்கு யார் குலவை என்று பேர் வைத்தார்களோ தெரியாது, வருஷம் திரும்புவதற்குள் கண்மாய் தாண்டி, காடு தாண்டி, ஊர் ஊராக அது போய்விட்டது.

தெற்குச் சீமையில் தாலி ஏறும்போதும், முளைப்பாரி எடுக்கும்போதும், பொங்கல் பொங்கும்போதும் கூட்டத்தில் ஒருத்தி குலவை தொடங்கினால் மற்ற பெண்கள் யாருக்கும் நாக்கு சும்மா கிடக்க மாட்டேன் என்கிறதே, அது ஒச்சம்மாவுக்குப் பேச்சி பதில் கொடுத்த அந்த ஐப்பசிச் சாயங்காலத்திலிருந்துதான்.